காலுக்கு இடம், கூடுதல் கட்டணம்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் உள்ள ரெங்கம், தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். இத்தகைய ஊர்களில் வாழும் தமிழர்கள், தமிழ்நாட்டில் உள்ள உறவினரைக் காண ஒரு காலத்தில் பல நாள் கப்பலில் பயணம் செய்தனர். இன்று கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் திருச்சிக்குப் பறந்துவிடலாம். 2001-ஆம் ஆண்டின் இறுதியில் ஏர் ஏசியா மலிவுக் கட்டண நிறுவனமாக மாறிய பின்னர், விமானப் பயணம் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டும் தூரத்தில் வந்தது.

கட்டணம் எவ்வாறு குறைந்தது? ஒரே விமானத்தில் அதிகமானோரை ஏற்றுவது ஒரு வழி. உணவு, பயணப்பெட்டி, இருக்கைத் தேர்வு ஆகியவற்றைத் தனித்தனியே விற்பது மற்றொரு வழி. ஏர் ஏசியாவின் ஏ320 விமானங்களில் பெரும்பாலும் 180 அல்லது 186 இருக்கைகள் உள்ளன. இருக்கைகள் கூடும்போது காலை நீட்டும் இடம் குறைகிறது.

ஓர் இருக்கையின் முதுகிலிருந்து அதற்கு முன்னுள்ள இருக்கையின் முதுகு வரை உள்ள தூரமே இருக்கை இடைவெளி எனப்படும். மலிவுக் கட்டண விமானங்களில் இது பொதுவாக 71 முதல் 74 சென்டிமீட்டர் வரை இருக்கும். முன்வரிசையிலும் அவசர வழியை ஒட்டிய வரிசையிலும் இடம் கூடுதலாக இருப்பதால், அவ்விருக்கைகளுக்கு அதிகக் கட்டணம் விதிக்கப்படுகிறது.

முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு அவசர வழி இருக்கையே ஏற்றது என்று ஒரு குடும்பம் நினைக்கலாம். ஆனால், பணம் கொடுத்தாலும் அவருக்கு அவ்விடம் கிடைக்காது. ஆபத்து நேரத்தில் பயணிகள் அனைவரும் 90 விநாடிகளுக்குள் வெளியேற முடியும் என்று நிரூபித்த பின்னரே விமானத்திற்குச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. அங்கு அமர்பவர் தேவைப்பட்டால் கதவைத் திறந்து உதவ வேண்டும். எனவே, சிறுவர், கருவுற்ற பெண்கள், நடக்கச் சிரமப்படுவோர் ஆகியோருக்கு அவ்வரிசை ஒதுக்கப்படுவதில்லை. கால் நீட்ட இடம் மிகவும் தேவைப்படுவோருக்கே அந்த இடம் மறுக்கப்படுகிறது. அனைவரின் உயிரையும் காக்கவே இவ்விதி.

பாட்டிக்கு முன்வரிசை இருக்கையை வாங்கலாம். இல்லையேல், நடைபாதையை ஒட்டிய சாதாரண இருக்கையும் உதவும். அடிக்கடி எழுந்து நடப்பது எளிது. 2007-ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்திற்கும் மேலான பயணத்திற்குப் பின் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஆயினும், அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கே ஏற்படுகிறது. நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருப்பதே முக்கியக் காரணம். பேருந்து, இரயில் பயணத்திற்கும் இது பொருந்தும். எனவே, எந்த இருக்கையில் அமர்ந்தாலும் கணுக்காலை அசைப்பதும் இடையிடையே நடப்பதும் நன்று.

செலவையும் கணக்கிட வேண்டும். இருக்கைக்கு ஒருவழிக்கு 50 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், நால்வர் போய்வர 400 ரிங்கிட் கூடுதலாகும். பாட்டிக்கு மட்டும் வாங்கினால் 100 ரிங்கிட்டே ஆகும்.

பயனீட்டாளருக்குச் சட்டமும் துணைநிற்கிறது. 2016 ஜூலை முதல் நடப்பில் உள்ள மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறையின்படி, விமான நிறுவனம் வரியும் கட்டணமும் அடங்கிய முழு விலையைக் காட்ட வேண்டும்; பயணியின் ஒப்புதலின்றிக் கூடுதல் சேவைகளைச் சேர்க்கக் கூடாது. ஆகவே, அகப்பக்கத்தில் பயணச்சீட்டு வாங்கும்போது ஒவ்வொரு பகுதியையும் படித்துப் பார்த்த பின்னரே பணம் செலுத்த வேண்டும்.

கூடுதல் இடம் சிலருக்கு வசதி, சிலருக்குத் தேவை. இவ்விரண்டையும் பிரித்தறிந்து செலவிடுபவரே விவேகமான பயனீட்டாளர்.