வீட்டுக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் இடையில்

புதிதாக ஒரு வீட்டுக்குக் குடிபோவதென்றால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? எத்தனை அறை, குசினி எப்படி, பைப்பில் தண்ணீர் வருமா என்று பார்ப்பீர்கள். அடுத்த நிமிடமே பிள்ளைகளின் பாடசாலை எவ்வளவு தூரம், குர்ஆன் மத்ரஸா பக்கத்தில் உண்டா, மஃரிபுக்குப் பிறகு அந்த வீதியில் பஸ் ஓடுமா, அக்கம்பக்கத்தார் எப்படிப்பட்டவர்கள் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவீர்கள். எந்தத் தாயும் கேட்கின்ற இந்தக் கேள்விகளில் பாதியை மாத்திரமே எமது தலைநகரைத் திட்டமிட்டவர்கள் கேட்டு வந்திருக்கிறார்கள். வீட்டை ஒரு கந்தோர் கட்டுகிறது; பஸ்ஸுக்கு இன்னொரு கந்தோர் அனுமதி கொடுக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பையைச் சுமந்துகொண்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பவர் பெரும்பாலும் நீங்கள்தான்.

கொழும்பில் 'தோட்டம்' என்று சொன்னால் வெளியூர்ச் சகோதரிகளுக்குத் தேயிலைத் தோட்டம் நினைவுக்கு வரலாம். இங்கே அது ஒரு பொதுக் குழாயையும் பொது மலசலகூடத்தையும் பகிர்ந்துகொண்டு, முடுக்குகளில் நெருங்கி நிற்கும் வரிசை வீடுகளின் பெயர். இவற்றை என்ன செய்வது என்ற கேள்விக்கு எமது நாடு இரண்டு விதமாக விடை தேடியிருக்கிறது.

முதலாவது, 1984இல் அன்றைய பிரதமர் ஆர். பிரேமதாச ஆரம்பித்த பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டம். அதன் நகர்ப்புறப் பகுதியில் பல தோட்டங்கள் இருந்த இடத்திலேயே சீர்செய்யப்பட்டன. இரண்டு பேர்ச் அளவான சிறு துண்டுகளாகக் காணி பிரிக்கப்பட்டது. சிறு கடன் கொடுக்கப்பட்டது. வீட்டை மக்களே கட்டினார்கள். முடுக்கு எவ்வளவு அகலம், குழாய் எங்கே வரவேண்டும் என்பதை அங்கு வசித்தவர்களே கூடியிருந்து பேசித் தீர்மானித்தார்கள். குறைகள் இருந்தன. வீடுகள் சிறியவை, வடிகான் எல்லா இடமும் சரியாக அமையவில்லை. ஆயினும் எவருடைய பிள்ளையும் பாடசாலை மாற வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது விடை தொடர்மாடி. 2001இல் பொரளைப் பக்கத்தில் 671 வீடுகளோடு எழுந்த சஹஸ்புர இதற்கு முன்னோடி. யுத்தம் முடிந்த பின்னர், 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டதும் இது பெருந்திட்டமானது. கொழும்பு நகருக்குள் 68,812 குடும்பங்கள், ஏறத்தாழ 900 ஏக்கரில் வசிப்பதாக அதிகாரசபை கணக்கிட்டது. அவர்களை மாடிகளில் ஏற்றி, விடுபடும் பெறுமதியான காணியை முதலீட்டுக்குக் கொடுத்து, அந்தப் பணத்திலேயே வீடு கட்டுவது திட்டத்தின் உள்ளார்ந்த கணக்கு. கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் 2010 மே மாதம் வீடுகள் இடிக்கப்பட்டதை எம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மாடி வீட்டில் நன்மையே இல்லை என்று சொல்வது நியாயமல்ல. வீட்டுக்குள்ளேயே மலசலகூடம், மழை வெள்ளம் ஏறாத தரை. வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் உள்ள ஓர் உம்மாவுக்கு இது சின்ன விடயமா? ஆனால் 400, 500 சதுர அடி வீட்டுக்குப் பல குடும்பங்கள் பத்து இலட்சம் ரூபாவை இருபது, முப்பது வருடத் தவணையில் செலுத்த வேண்டியிருக்கிறது. அந்தத் தவணையைக் கட்டுவதற்கு உதவக்கூடிய வருமானம் எது? விடியற்காலையில் இடியப்பம் அவித்து வாசலில் வைத்து விற்பது, தையல் மெஷினை முடுக்கோரம் போட்டு வருபவர் போபவரிடம் ஓடர் எடுப்பது. எட்டாம் மாடியில் வாசலைக் கடந்து போகிறவர் யார்? பெண்களின் கைத்தொழில் எந்தத் திட்ட வரைபடத்திலும் ஒரு கோடாகக்கூட இடம்பெறுவதில்லை.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மாடியில் லிஃப்ட் நின்றால் முழங்கால் வலியுள்ள மூத்தம்மா வீட்டோடு சிறை. கேஸ் கிடைக்கவில்லை, விறகு அடுப்பு மூட்ட மாடியில் இடமுமில்லை. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை, ஆட்டோக் கட்டணமோ எட்டாத உயரம். அந்த மாதங்களில் பாடசாலையும் கடையும் டிஸ்பென்சரியும் நடை தூரத்தில் இருந்த குடும்பங்கள் ஒருவாறு சமாளித்தன. தூரத்திலிருந்தவர்களுக்குச் சோற்றுக் காசு பயணத்தில் போயிற்று.

'கொழும்பை சிங்கப்பூராக்குவோம்' என்ற பேச்சை எத்தனை தேர்தலில் கேட்டுவிட்டோம்! சிங்கப்பூரில் 1960இல் வீடமைப்புச் சபை அமைக்கப்பட்டது உண்மை; மாடிகள் எழுந்ததும் உண்மை. ஆனால் அங்கே குடியிருப்போடு சேர்த்தே சந்தை, பாடசாலை, பஸ் நிலையம் ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்கினார்கள். 1987இல் நகர ரயிலும் ஓடத் தொடங்கி, பின்னர் குடியிருப்பு நகரங்களைத் தேடிச் சென்றது. கார் வாங்குவதை 1990 முதல் அனுமதிப் பத்திர முறையால் கட்டுப்படுத்தினார்கள். இன்னொரு விடயம் உங்களுக்குப் பிடிக்கும். அங்கே மாடிகளின் கீழ்த்தளத்தைப் பெரும்பாலும் வீடு கட்டாமல் திறந்த வெளியாக விட்டார்கள். மலாய் முஸ்லிம்களின் கல்யாணமும் சீனர்களின் மரணச் சடங்கும் அந்த நிழலில்தான் நடந்து வந்திருக்கின்றன. எமது மாடிகளில் ஒரு மௌத்து நிகழ்ந்தால் சந்தூக்கை எப்படி இறக்குவது, வருபவர்களை எங்கே இருத்துவது? நாங்கள் சிங்கப்பூரிலிருந்து கொங்கிரீட்டை மட்டும் இரவல் வாங்கியிருக்கிறோம்.

போக்குவரத்தில் நாம் கையிலிருந்ததையும் விட்டவர்கள். கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் ஓடிய ட்ராம் 1960இல் நின்றது. 1953இல் வந்த ட்ரொலி பஸ் 1964இல் நின்றது. பிறகு மாலபேயிலிருந்து கோட்டைக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றர் இலகு ரயில் அமைக்க 2019இல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2020 செப்டெம்பரில் அரசாங்கம் அதைக் கைவிட்டது. இழப்புத்தான். என்றாலும் அந்தப் பாதை, மாடிகள் நிறைந்த மோதரைக்கோ மட்டக்குளிக்கோ போகவில்லை என்பதையும் கவனியுங்கள். பஸ்களுக்குத் தனி ஒழுங்கை விடும் முயற்சி 2017இலும் 2020இலும் நடந்தது. வீதியில் கோடு கீறினால் போதும் என்ற அளவு செலவுதான், ஐம்பது பேருக்கு உடனே பலன். ஒருவர் மாத்திரம் அமர்ந்திருக்கும் கார் அந்த ஐம்பது பேரை மறித்துக்கொண்டு நிற்பதை எமக்கு இன்னும் சாதாரணமாகவே பார்க்கத் தெரிகிறது.

பாதையும் அயலும் மார்க்கத்துக்கு வெளியே உள்ள சங்கதிகள் அல்ல. பாதையின் அகலத்தில் பிணக்கு வந்தால் ஏழு முழம் விடவேண்டும் என்ற நபிவழித் தீர்ப்பை மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கிறோம். பதினான்காம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் இப்னுர் ராமி என்ற தலைமைக் கொத்தனார் ஒருவர் வாழ்ந்தார். சுவர், ஜன்னல், வடிகான், சந்து பற்றிய வழக்குகள் வந்தால் காழி அவரை அழைத்து இடத்தைப் பார்த்து வரச் சொல்வார். அவர் அந்தச் சட்டங்களைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். தீர்ப்புக்கு முன்பு ஒருவர் சந்துக்குள் நடந்து போய்ப் பார்த்தார் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி.

1921இல் கொழும்புக்கு நகரத் திட்டம் வரைந்த ஸ்கொட்லாந்துக்காரர் பெற்றிக் கெடஸும் அப்படித்தான். அவர் தாவரவியல் பேராசிரியர். இந்திய நகரங்களில் பழைய தெருக்களை மொத்தமாக இடிப்பதை எதிர்த்து, முதலில் கால்நடையாகச் சுற்றிப் பாருங்கள், அவசியமான வீட்டை மட்டும் அகற்றுங்கள் என்று வற்புறுத்தியவர்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் பகுதிக்கு அபிவிருத்தித் திட்டம் வரைந்து மக்கள் பார்வைக்கு வைக்கும்போது, அல்லது மாடி வீட்டுக்கான பத்திரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும்போது, சதுர அடியை மாத்திரம் பார்த்துத் தலையசைக்க வேண்டாம். வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் எத்தனை நிமிட நடை, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அந்த வழியில் தெருவிளக்கு உண்டா, பாடசாலையில் இடம் தருவார்களா, லிஃப்ட் பழுதானால் பொறுப்பாளர் யார், கீழ்த்தளத்தில் ஜனாஸா வைக்க இடம் உண்டா என்று கேளுங்கள். வாயால் கேட்பதோடு விடாமல் கடிதமாக எழுதி, அயல்வீட்டுச் சிங்கள, தமிழ்ச் சகோதரிகளின் கையெழுத்தையும் சேர்த்து, பிரதேச செயலகத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.