ஒரு கிராமில் 54 ஆண்டுகள்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆதனக்கோட்டைச் சாலையோரம் முந்திரி வறுக்கும் பெண்களுக்கு அடுப்பு வெக்கை பழகியதுதான். ஆனால் மாதவிடாய் நிற்கும் வயதில், நம் நாட்டில் சராசரியாக 46, 47-இல், நடு இரவில் மார்பிலிருந்து முகத்துக்குக் குப்பென்று ஏறும் வெக்கைக்கு அடுப்பு வேண்டியதில்லை. அது மூளையில் பிறக்கிறது.

மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதிதான் உடல் வெப்பத்தைக் கவனித்துக்கொள்கிறது. சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன், அங்கே சில நரம்பணுக்களை அடக்கி வைத்திருக்கிறது. சுரப்பு குறைந்ததும் அவை பெருத்து, ஓயாமல் தூண்டல்களை அனுப்புகின்றன. உடல்சூடு இம்மி ஏறினாலும் மூளை பதறுகிறது; ரத்தக்குழாய்கள் விரிகின்றன, வியர்வை கொட்டுகிறது. இல்லாத காய்ச்சலைத் தணிக்க இத்தனை பாடு!

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றபோது, இந்த ஹார்மோனை யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. 1929-இல்தான் கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து அதன் ஒரு வகை கிடைத்தது. இன்று குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை ஈடுகட்ட, அதைத் தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டையாகவே தருகிறார்கள். வழக்கமான ஓர் அளவு, நாளுக்கு 50 மைக்ரோகிராம். அந்தக் கணக்கில் ஒரு கிராம் 54 ஆண்டுகளுக்கு வரும்!

விழுங்கினால் ஆகாதா? ஆகும். ஆனால் மாத்திரை குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதில் பெரும்பகுதியை உருமாற்றுவதோடு, ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களையும் கூடுதலாகச் செய்கிறது. தோல் வழியே போனால் நேரே ரத்தம்தான். வழக்கமான அளவுகளில் ரத்தக்கட்டு அபாயம் கூடுவதாகத் தெரியவில்லை. மருந்து அதுவேதான், வாசல் மட்டுமே வேறு. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுவே.

கருப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தந்தால் அதன் உட்சவ்வு தடித்துப் புற்றாகலாம். அதைத் தடுக்கப் புரொஜெஸ்ட்ரோன் சேர்க்கிறார்கள். அந்தரங்க உறுப்பின் வறட்சி மட்டுமே தொல்லை என்றால் அங்கேயே பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு போதும்.

2002-இல் ஓர் அமெரிக்க ஆய்வு உலகையே அச்சுறுத்தியது. இரு ஹார்மோன்களையும் சேர்த்து எடுத்தவர்களில், ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுக்கு ஆளானார்கள். அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பது பலர் காதில் விழவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற 10 ஆண்டுகளுக்குள் தொடங்கும் பெரும்பாலோருக்கு நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவக் கருத்து. மார்பகப் புற்று, பக்கவாதம், ரத்தக்கட்டு வந்தவர்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை.

ஹார்மோன் ஆகாதவர்களுக்காக இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 2023-இல் அமெரிக்கா அனுமதித்த ஃபெசோலினெட்டன்ட், பதறும் அந்த நரம்பணுக்களின் தூண்டலையே தடுக்கிறது. ஈஸ்ட்ரோஜன் துளியும் இல்லை. கல்லீரலை மட்டும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும்.