தாமே ஆடித் தாமே படம்பிடிப்போருக்கு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பரதம் பயிலும் மாணவியர் பலர், இந்நாளில் தம் ஆட்டத்தைத் தாமே படம்பிடித்துக் கடல்கடந்து வாழும் பாட்டிமாருக்கு அனுப்புகின்றனர். நல்ல வழக்கந்தான். ஆயினும் அப்படங்களைக் காணுந்தோறும் ஒரு குறை நம் கண்ணை உறுத்துகின்றது. பின்னே தொங்கும் திரைச்சீலையின் பூவேலை தெள்ளத் தெளியத் தெரிய, ஆடும் பெண்ணின் முகம் மட்டும் புகை படிந்தாற்போல் மங்கிக் கிடக்கும்! முகத்திலே தோன்றும் பாவந்தானே ஆட்டத்தின் உயிர்? அது மங்கிவிட்டால் பாட்டியார் காண்பது உடையும் நகையுமே.

திரைப்படம் எடுப்போரிடம் இதற்கென்றே ஓர் உதவியாளர் உண்டு. நடிகர் நிற்கும் இடத்துக்கும் கமராவுக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து, தரையில் அடையாளமிட்டு, நடிகர் நகர நகர வில்லையின் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருப்பது அவர் தொழில். தனித்து நின்று ஆடுபவளுக்கு அவர் ஏது? அவர் வேலையையும் கருவியிடமே ஒப்படைத்துவிடுகின்றோம். கருவியும் இலேசுப்பட்டதன்று. தானாகவே குவியம் கொள்ளும் கமராவைக் கொனிக்கா நிறுவனம் 1977இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைய கருவிகளோ முகத்தை மட்டுமன்றிக் கண்ணையும் இனங்கண்டு தொடர்கின்றன. ஆனால் ஆடுபவள் சுழன்று முதுகைக் காட்டியதும், கண்ணைத் தவறவிட்ட கருவி பின்சுவரைப் பற்றிக்கொள்வதுண்டு. முத்திரை பிடித்த கையை முன்னே நீட்டினால் கையைப் பற்றிக்கொள்வதும் உண்டு.

ஆகவே, கருவி ஆளைத் துரத்துவதிலும் பார்க்க, ஆடும் இடத்தை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது மேல் என்பது நம் கருத்து. ஆடப்போகும் இடத்தின் நடுவே ஒரு குத்துவிளக்கை வையுங்கள். அதன்மீது குவியத்தை நிறுத்திப் பூட்டிவிடுங்கள். கைத்தொலைபேசியாயின், திரையில் விளக்குத் தெரியும் இடத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பல கருவிகளில் குவியம் பூட்டப்படும். பின்னர் விளக்கை அகற்றி, அது நின்ற இடத்தில் சோக்கட்டியாற் கோடிட்டு ஆடலாம். பக்கவாட்டில் அசைந்தால் தூரம் அதிகம் மாறாது. முன்னும் பின்னும் நகர்வதிலேதான் ஆபத்து.

எவ்வளவு நகரலாம்? 35 மில்லிமீற்றர் படச்சுருளின் அளவுள்ள உணரி பொருந்திய கமராவில், 50 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 2 என்னும் அகன்ற துவாரத்தில் வைத்து, 2 மீற்றர் தூரத்திற் குவித்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றரே. ஒரு சாண் கூட இல்லை! துவாரத்தை எஃப் 8 ஆகச் சுருக்கினால் அது 80 சென்ரிமீற்றராக விரியும். ஆனால் உள்ளே வரும் ஒளியோ பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

ஒளிக்கு எங்கே போவது? மாடிவீட்டுக் கூடத்தின் குழல்விளக்குப் போதாது. கொட்டாஞ்சேனையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை நினைத்துப் பாருங்கள்; அத்தகைய கல்மண்டபம் ஒளியை விழுங்கிவிடும். காலை வேளையில் மொட்டைமாடியே உகந்தது. வெள்ளவத்தையில் கடல் மேற்கே இருப்பதால், மாலையில் கடலைப் பின்னணியாக்கினால் முகம் கறுத்துவிடும். கடலை நோக்கி நின்று ஆடவேண்டும். (கரையோரத் தண்டவாளத்தில் நின்று படமெடுக்கப் பெற்றோர் ஒருபோதும் இடங்கொடாதிருப்பாராக.) மங்கிய ஒளியில் இன்னொரு தொல்லையும் உண்டு. முகம் தெளிவாயிருக்க, வீசும் கைமட்டும் இழுபட்டுத் தெரிந்தால், பிழை குவியத்தில் அன்று. ஒவ்வொரு படமும் பதியும் நேரம் நீண்டுவிட்டது என்பதே பொருள். வெளிச்சத்தைக் கூட்டி, அந்நேரத்தைக் குறைத்தல் வேண்டும்.

ஆடிவேல் விழாவில் நிலைமை வேறு. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் வேல் இரதம் பின்னே அசைந்துவர, முன்னே தாமும் நின்று படத்தில் விழ விரும்புவோர்க்கு இரண்டும் தெளிவாதல் வேண்டும். அதே கமராவில் 28 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 8இல் வைத்து, 3.3 மீற்றருக்குக் குவித்துவிடுங்கள். ஏறக்குறைய 1.6 மீற்றரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை யாவும் தெளிவாக விழும். இரதம் நெருங்கும்போது வளையத்தைத் தொடவேண்டியதில்லை; கும்பிடக் கை இரண்டும் ஓய்வாயிருக்கும்.