உடைந்தது ஓரிடம், சத்தம் வேறிடம்

2023 மே 24 அன்று மைக்ரோசாஃப்டின் அஸூர் டெவ்ஆப்ஸ் சேவை தென் பிரேசில் வட்டாரத்தில் பத்து மணி நேரத்துக்கும் மேலாக முடங்கிப்போனது. மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களையும் வேலைப் பட்டியலையும் வைத்திருக்கும் சேவை அது. யாரும் ஊடுருவித் தாக்கவில்லை, மின்சாரமும் போகவில்லை. உள்ளே பயன்படுத்திவந்த பழைய நிரல் நூலகம் ஒன்றைக் கைவிட்டுப் புதிய நூலகத்துக்கு மாறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தக் குழுவின் பொறியாளர்கள் ஏதாவது கோளாறை ஆராய வேண்டுமென்றால், ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் அந்த நேரத்து நகல் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு ஆராய்வார்கள். வேலை முடிந்த பிறகு நகலை அழிக்க மறந்துவிடுவதும் உண்டு. ஆகவே பழைய நகல்களைத் தேடி அழிக்கப் பின்னணியில் ஒரு தானியங்கி வேலை வைத்திருந்தார்கள். புதிய நூலகத்துக்கு ஏற்ப நிரலைத் திருத்தும்போது, ‘இந்தத் தரவுத்தளத்தை அழி’ என்றிருந்த கட்டளை, ‘இந்தத் தரவுத்தளம் இருக்கும் சர்வரை அழி’ என்று மாறிவிட்டது. ஒரே மாதிரியான, அலுப்பூட்டும் திருத்தங்களின் பெருங்கூட்டத்துக்குள் இந்த ஒரு வரியும் இருந்தது. சரிபார்த்தவர்கள் கண்ணுக்குத் தப்பியது.

கண் தப்பினாலும் சோதனையில் அகப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? புதிய பதிப்பை வளையம் எனப்படும் கட்டங்களாக இறக்குவார்கள். முதலில் தங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கான வளையத்தில்தான் இறக்கிப் பார்த்தார்கள். அங்கே பழைய நகல் எதுவும் இல்லை. அழிக்க ஒன்றும் இல்லாததால் பிழையான வரி ஓடவே இல்லை, சோதனை வெற்றி. சில நாள் கழித்து அடுத்த வளையமான தென் பிரேசிலில் இறக்கியபோது அங்கே வயதான நகல் ஒன்று காத்திருந்தது. தானியங்கி வேலை அதை அழிக்கப் போய், சர்வரையும் அதிலிருந்த 17 தரவுத்தளங்களையும் சேர்த்து அழித்தது.

தரவு எதுவும் தொலையவில்லை, பேக்கப் இருந்தது. பின் ஏன் பத்து மணி நேரம்? அழிந்த சர்வரை மீட்கும் அதிகாரம் இந்தக் குழுவிடம் இல்லாததால் வேறு குழுவை எழுப்ப வேண்டியிருந்தது. பேக்கப் அமைப்பும் எல்லாத் தரவுத்தளங்களுக்கும் ஒரே மாதிரி இல்லை. இவற்றைவிடப் பாடம் நிறைந்தது மூன்றாவது காரணம். வலை சர்வர்கள் எழும்போது ஒவ்வொரு தரவுத்தளத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். வழக்கமாக ஒரு விநாடிகூட ஆகாது. இன்னும் மீளாத தரவுத்தளத்தைத் தொட்டபோது பிழை வந்தது. பிழை வந்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல், அதுவும் தோற்றால் இன்னும் அதிகம் பொறு என்று நிரல் சொல்லியிருந்தது. விநாடியில் முடியவேண்டியது சராசரியாகத் தொண்ணூறு நிமிடம் இழுத்தது. மீண்டுவிட்ட தரவுத்தளங்களின் சொந்தக்காரர்களும் அதுவரை வெளியே நிற்க வேண்டியதாயிற்று. விடாமுயற்சி மனிதருக்கு நல்ல குணமாக இருக்கலாம், இயந்திரத்துக்கு எப்போதும் அப்படியில்லை.

கிளவுடில் இன்று புதிய பதிப்பைப் பெரும்பாலும் யாரும் கையால் நிறுவுவதில்லை. புரோகிராமர் நிரலைச் சேர்த்ததும் குழாய் வழி நீர் போல அது தானே கட்டப்பட்டு, சோதிக்கப்பட்டு, சர்வர்களில் இறங்கிவிடும். இந்த ஏற்பாட்டின் அடியில் ஒரு நம்பிக்கை உண்டு: எது தவறினாலும் பழையதைத் திரும்ப வை, இல்லையேல் மறுபடி ஓட்டு. நிரலுக்கு இது பொருந்தும். நேற்றைய நிரலும் இன்றைய நிரலும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் கிடக்கின்றன. தரவுத்தளத்துக்குப் பொருந்தாது. பெயர் என்ற நெடுவரிசையை இரண்டாகப் பிரித்த பிறகு ஆயிரம் பேர் புதிதாகப் பதிவு செய்திருந்தால், பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது அந்த ஆயிரம் பேரை எங்கே வைப்பது? மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 8.0 பதிப்புக்கு மாற்றிய தரவுக் கோப்புகளை அப்படியே 5.7-க்கு இறக்க வழியே கிடையாது. முன்னால் எடுத்த பேக்கப்புக்குத்தான் போகலாம். இடையில் வந்தவை போச்சு.

மேம்படுத்தல் தோற்ற இரவில் பலரும் செய்வது, திரையில் கடைசியாக வந்த பிழைச்செய்தியை நகலெடுத்துத் தேடுவது. தேடவேண்டியது முதல் பிழையை. கடைசிச் செய்தி பெரும்பாலும் மறுமுயற்சியின் புலம்பலாகத்தான் இருக்கும். செயலிகளைக் கண்டெய்னர் என்ற தனிப் பொதிகளில் ஓட்டிக் கண்காணிக்கும் குபெர்நெட்டிஸ் சூழலில் அடிக்கடி நடக்கும் ஒன்றைப் பார்க்கலாம். செயலி எழும்போது முதல் வேலையாக லிக்விபேஸ் என்ற கருவி மூலம் அட்டவணைகளை மாற்றுகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றிவிடக் கூடாதே என்று அந்தக் கருவி தரவுத்தளத்துக்குள்ளேயே சிறு அட்டவணை ஒன்றில் ‘பூட்டியிருக்கிறேன்’ என்று எழுதிவைக்கும். சோதனைத் தரவுத்தளத்தில் சில நூறு வரிசைகள்தான் இருந்தன, நொடியில் முடிந்தது. உண்மைத் தரவுத்தளத்தில் கோடிக்கணக்கான வரிசைகள், நேரம் எடுக்கிறது. இதற்கிடையே குபெர்நெட்டிஸ் ‘உயிரோடு இருக்கிறாயா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இயல்பான அமைப்பில் பத்து விநாடிக்கு ஒரு முறை, மூன்று முறை பதில் இல்லையென்றால் செயலியைக் கொன்றுவிட்டுப் புதிதாக எழுப்பும். மாற்றத்தில் மூழ்கியிருக்கும் செயலி பதில் சொல்லாது. கொல்லப்படுகிறது. பூட்டு அப்படியே கிடக்கிறது. புதிதாக எழுந்தது பூட்டைப் பார்த்துக் காத்திருக்கிறது, பதில் சொல்லாததால் அதுவும் கொல்லப்படுகிறது. காலையில் வந்து பார்ப்பவர் கண்ணில் படுவது ‘பூட்டுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற வரி மட்டுமே, நூற்றுக்கணக்கான முறை.

உடனே பூட்டை அழித்துவிடத் தோன்றும். இணையத்தில் தேடினாலும் அந்த ஒரு வரி விடைதான் கிடைக்கும். அதற்கு முன் செய்யவேண்டியவை இரண்டு. செயலியைக் கொன்று கொன்று எழுப்பும் தானியங்கியை நிறுத்த வேண்டும், அதன் உதவி இப்போது வேண்டாம். பிறகு தரவுத்தளத்திடமே நேரில் கேட்க வேண்டும்: இப்போது உன்னுள் என்ன ஓடுகிறது? கட்டளையிட்ட செயலி செத்தாலும் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருள் அந்தக் கட்டளையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கக்கூடும். அது ஓடும்போது பூட்டைத் திறந்தால், ஒரே அட்டவணையில் இரண்டு கை. எது முடிந்திருக்கிறது, எது முடியவில்லை என்பதும் தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் வேறுபடும். போஸ்ட்கிரஸில் அட்டவணை மாற்றங்களைப் பெரும்பாலும் ஒரே பரிவர்த்தனைக்குள் அடக்கலாம். மூன்றாவது படியில் தோற்றால் முதல் இரண்டும் நடக்காதவை ஆகிவிடும். மைஎஸ்க்யூஎல்லில் ஒவ்வொரு படியும் அப்போதைக்கப்போது உறுதியாகிவிடும். மூன்றாவதில் தோற்றால் முதல் இரண்டும் நிலைத்துவிட்டன. மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் ‘இந்த நெடுவரிசை ஏற்கெனவே இருக்கிறது’ என்று புதிய பிழை வரும், அதைத் துரத்திக்கொண்டு இன்னொரு மணி நேரம் போகும்.

கத்துகிற தோல்வியை எப்படியும் பிடித்துவிடலாம். போஸ்ட்கிரஸ் 12 எழுதிய கோப்புகளை 13-ஆம் பதிப்பு திறக்க மறுத்து, காரணத்தையும் சொல்லிவிட்டு நின்றுவிடும். அதைப் பார்த்துப் பலர் எரிச்சலடைகிறார்கள். நான் அதை மரியாதையாகத்தான் பார்க்கிறேன்.

கத்தாத தோல்வி எப்படியிருக்கும் என்பதை 2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனம் கண்டது. நகல் சர்வரைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், அழிக்கும் கட்டளையைத் தவறுதலாக முதன்மைச் சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 மிச்சம். எல்லோரும் அந்தப் பொறியாளரைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். உண்மையான கதை அதற்கு முந்தியது. தினசரி பேக்கப் சேரவேண்டிய இடத்தைத் திறந்தால் காலி. தரவுத்தளம் 9.6 பதிப்புக்கு மேம்படுத்தப்பட்டிருந்தது. பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2. எந்தப் பதிப்புக் கருவி வேண்டும் என்பதை நிறுவல் தொகுப்பு அந்த சர்வரில் உள்ள தரவுக் கோப்பைப் பார்த்து முடிவு செய்யும். பேக்கப் ஓடியது செயலி சர்வரில். அங்கே தரவுக் கோப்பு கிடையாது, ஆகவே பழைய பதிப்பையே எடுத்துக்கொண்டது. புதிய தரவுத்தளத்தோடு பேச முடியாமல் ஒவ்வொரு முறையும் தோற்றது. தோற்றதைச் சொல்லி மின்னஞ்சலும் அனுப்பியது! அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாததால் அந்த அஞ்சல்களை அஞ்சல் சேவை திருப்பித் தள்ளிவிட்டது. கடைசியில் காப்பாற்றியது, வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த ஒரு நகல். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியதையும் விளக்க அறிக்கையை ஒளிக்காமல் வெளியிட்டதையும் சொல்லியாக வேண்டும். அப்படி வெளியிடுகிறவர்களால்தான் இந்தத் துறை ஏதாவது கற்றுக்கொள்கிறது.

மேம்படுத்தல் வெற்றி என்று பச்சை விளக்கு எரிந்த பிறகும் ஒன்று காத்திருக்கலாம். தரவுத்தளம் ஒவ்வொரு கேள்விக்கும் எந்த வழியில் போனால் வேகம் என்பதைத் தன் அட்டவணைகள் பற்றிய புள்ளிவிவரத்தை வைத்துக் கணிக்கிறது. போஸ்ட்கிரஸில் பெரிய பதிப்பு மாறும்போது அந்தப் புள்ளிவிவரம் புதிய வீட்டுக்குக் கூட வராது. சர்வர் மூச்சுத் திணறும். எல்லோரும் புதிய பதிப்பைத் திட்டுவார்கள். மருந்து, புள்ளிவிவரத்தை மறுபடி சேகரிக்கச் சொல்லும் ஒற்றைக் கட்டளை. 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பில்தான் பெரும்பகுதிப் புள்ளிவிவரம் கூடவே வரத் தொடங்கியது.

எல்லாவற்றிலும் நுட்பமானது, தரவுத்தளத்தைத் தொடாமலே அதை உடைப்பது. இண்டெக்ஸ் என்பது வரிசைப்படுத்திய பட்டியல். அகராதியில் சொல் தேடுவது போலப் பாதியைத் திறந்து, முன்னா பின்னா என்று பார்த்துக்கொண்டே போகும். எது முன், எது பின் என்பதை போஸ்ட்கிரஸ் பல நிறுவல்களில் தானே முடிவு செய்வதில்லை. அடியிலுள்ள லினக்ஸின் கிளிப்சி நூலகத்தைக் கேட்கும். 2018 ஆகஸ்டில் வந்த கிளிப்சி 2.28 அந்த வரிசை விதிகளை மாற்றியது. ‘11’-க்குப் பின் வந்துகொண்டிருந்த ‘1-1’ முன்னால் வரத் தொடங்கியது. தரவுத்தளத்தின் பதிப்பு மாறவில்லை, கண்டெய்னரின் அடியிலிருந்த லினக்ஸ் மட்டும் புதிதானது. பழைய விதியில் அடுக்கிய பட்டியலைப் புதிய விதியில் தேடினால், இருக்கும் பதிவே ‘இல்லை’ என்று பதில் வரும். இருப்பவரையே இல்லையென நம்பிச் செயலி அவரை இன்னொரு முறை பதிவு செய்துகொள்ளும். பிழைச்செய்தி எதுவும் வராது.

போஸ்ட்கிரஸ் 15 முதல், வரிசை விதியின் பதிப்பு மாறியிருந்தால் எச்சரிக்கை வருகிறது. இண்டெக்ஸ்களை மறுபடி கட்டிவிட்டு, அதன் பிறகு பதிப்பு எண்ணைப் புதுப்பிக்க வேண்டும். இரண்டாவதை மட்டும் செய்தால் எச்சரிக்கை மறைந்துவிடும், கோளாறு மறையாது. 17-ஆம் பதிப்பில் லினக்ஸைக் கேட்காத உள்ளமைந்த வரிசை ஒன்றும் வந்திருக்கிறது. எழுத்துகளின் யூனிகோட் எண்ணை மட்டுமே பார்ப்பதால் அது மாறாது. ஆனால் யூனிகோட் எண்ணில் னகரம், ‘ந’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவே நிற்கிறது, நம் நெடுங்கணக்கிலோ கடைசி எழுத்து. ‘ற’வும் ‘ல’வுக்கு முன்பே வந்துவிடுகிறது. ஆகவே இந்த வரிசையைத் தேர்ந்தெடுக்கும் தமிழ்ப் பட்டியல் எதுவானாலும், திரையில் காட்டும் நேரத்தில் மட்டும் தமிழ் வரிசையைத் தனியே கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.