ஒரு பாட்டுப் புகழ்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. ஒரு பாட்டைக் கொண்டு ஓர் இசைக்குழுவையும் அவ்வாறே அளந்துவிடலாகுமோ என்பது ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். குறுந்தொகையில் ஒரே செய்யுளால் அறியப்பட்டு, அதிலுள்ள தொடராலேயே பெயரும் பெற்ற செம்புலப்பெயனீராரை நாம் குறைத்து எண்ணுவதில்லை. மேனாட்டு இசையுலகிலோ, ஒரு பாட்டால் மட்டும் நினைக்கப்படுவோரை எளியராகக் கருதும் வழக்கம் உண்டு.

அங்கு ‘பவர் பாப்’ எனப்படும் இசைவகை, இனிமையும் வன்மையும் ஒருங்கு கூடியது. எளிதில் நெஞ்சிற் பதியும் மெட்டு, உரத்து ஒலிக்கும் மின்கித்தார், பலர் இயைந்து பாடும் பல்லவி ஆகியவை அதன் இலக்கணமாம். ‘தி ஹூ’ என்னும் ஆங்கிலக் குழுவினராகிய பீட் டவுன்ஷெண்ட் 1967-இல் இப்பெயரை வழங்கினார்.

இவ்வகையில் பெண்ணொருவர் முன்னின்று பாடிய குழுக்களுள் ஒன்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1981-இல் தோன்றிய ‘கத்ரீனா அண்டு தி வேவ்ஸ்’. பாடகியார் கத்ரீனா லெஸ்கனிச், அமெரிக்காவின் கான்ஸஸ் மாகாணத்திற் பிறந்தவர். தந்தையாரின் விமானப்படைப் பணியால் இங்கிலாந்து சேர்ந்தவர். பாட்டுக்களிற் பலவற்றை இயற்றியவர் கித்தார் வாசித்த கிம்பர்லி ரூ என்னும் ஆடவர். எழுதியது அவரேயாயினும், உலகம் நினைவிற் கொண்டது கத்ரீனாவின் குரலையே.

‘வாக்கிங் ஆன் சன்ஷைன்’ என்னும் அவர்தம் பாட்டு 1983-இல் கனடாவில் வெளிவந்த இசைத்தட்டில் முதலில் இடம்பெற்றது. 1985-இல் புதுக்கி வெளியிடப்பட்டபோது அமெரிக்க விற்பனை வரிசையில் 9-ஆம் இடத்தையும், பிரிட்டனில் 8-ஆம் இடத்தையும் எய்திற்று. முரசொலியுடன் தொடங்கி, ஊதுகருவிகள் முழங்க விரையும் இப்பாட்டு, காதலில் ஐயம் நீங்கித் தெளிந்த ஒருத்தியின் களிப்பைப் புலப்படுத்துவது. திரைப்படங்களும் விளம்பரங்களும் இதனைப் பன்முறை எடுத்தாண்டன.

இக்குழுவினர்க்கு வேறு பாட்டே இல்லையோ எனின், அன்று. ரூ இயற்றிய ‘கோயிங் டவுன் டு லிவர்பூல்’ என்பதை, அமெரிக்கப் பெண்கள் குழுவாகிய ‘பேங்கிள்ஸ்’ 1984-இல் பாடி வெளியிட்டது. துயருற்றோர்க்குச் செவிசாய்க்கும் ‘சமாரிட்டன்ஸ்’ சங்கத்திற்கென ரூ எழுதிய ‘லவ் ஷைன் எ லைட்’ என்னும் பாட்டைக் கொண்டு, 1997-இல் டப்ளின் நகரில் நிகழ்ந்த யூரோவிஷன் போட்டியில் 227 புள்ளிகள் பெற்று இக்குழு வாகை சூடிற்று. அப்பாட்டு பிரிட்டனில் 3-ஆம் இடம் வரை சென்றது. விற்பனை வரிசையையே அளவுகோலாகக் கொள்ளின், அந்நாட்டில் அவர்தம் முதன்மையான பாட்டு இதுவே ஆதல் வேண்டும். எனினும் இன்று பலரும் பாடுவது முந்தியதையே.

இதன் காரணம் யாது? பரிசுப்பாட்டு ஒரு மேடையோடும் ஓர் ஆண்டோடும் பிணைந்து நின்றது. வெயிலைப் போற்றிய பாட்டோ, மகிழ்ச்சி எய்தும் எவர்க்கும் எந்நாளும் தனதாயிற்று. ஆதலின் ஒரு பாட்டுக் குழு என்னும் பட்டம் நம் நினைவின் சுருக்கத்தைக் காட்டுமேயன்றி, அவர்தம் உழைப்பின் அளவைக் காட்டாது. 1999-இல் அக்குழு கலைந்தது. அறிந்த பாட்டை வாயிலாகக் கொண்டு அறியாதவற்றையும் ஒருமுறை செவிமடுத்தல் நேயர்களாகிய நம் கடனாம்.