அவசர உத்தரவும் காப்பீட்டு அட்டையும்

கொள்ளைநோய் பரவும்போது சட்டமன்றம் கூடும்வரை காத்திருக்க முடியாது. இருக்கும் சட்டங்கள் போதாவிட்டால் தற்காலிக விதிகளை வகுக்க, 1897ஆம் ஆண்டுச் சட்டம் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2020 மார்ச்சில் தமிழக அரசு கோவிட் விதிமுறைகளை வெளியிட்டது இதன்படிதான்.

2021 மே 7 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்ட முதல் ஐந்து உத்தரவுகளில் ஒன்று, முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்போரின் கொரோனா சிகிச்சைச் செலவைத் தனியார் மருத்துவமனையிலும் அரசே ஏற்கும் என்பது.

ஆனால் தீர்த்தமலையிலிருந்து அரூருக்கோ தருமபுரிக்கோ நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடும் நேரத்தில் அட்டைக்கு மனுப் போட முடியுமா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் தகுதி உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு. ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றுடன் கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் இப்போதே பதிந்துவிடுங்கள்.