நீக்க முடியாத ஆப்

"நல்லதுக்குத்தானே சார் செய்றாங்க, இதுல என்ன பிரச்சினை?" மத்திய அரசின் சஞ்சார் சாத்தி ஆப் பற்றிப் பேச்சு வந்தபோது டீக்கடையில் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் ஒரு டீயில் முடியாது, இன்னொன்று சொல்லிக்கொள்வோம்.

உங்கள் போனில் *#06# அழுத்துங்கள். 15 இலக்க எண் வரும். அதுதான் ஐஎம்இஐ, போனின் அடையாள எண். போன் திருடு போனால் இந்த ஆப்பில் அந்த எண்ணைக் கொடுத்து, எந்த சிம் போட்டாலும் வேலை செய்யாதபடி முடக்கச் சொல்லலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்க்கலாம். நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் இதற்கெல்லாம் 2023 முதலே இணையதளம் இருக்கிறது. ஆப் வந்தது 2025 ஜனவரியில்.

அதே ஆண்டு நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை போன் கம்பெனிகளுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. 90 நாளுக்குள் எல்லாப் புதிய போன்களிலும் இந்த ஆப் இருக்க வேண்டும். ஏற்கெனவே தயாராகிக் கடைக்குப் போய்விட்டவற்றில் அப்டேட் மூலம் ஏற்ற முயல வேண்டும். கூடவே ஒரு வரி: ஆப்பின் செயல்பாடுகளை முடக்கவோ குறைக்கவோ கூடாது. மக்களிடம் சொல்லிவிட்டுப் போட்ட உத்தரவல்ல இது, செய்தியாளர்கள் மூலம்தான் வெளியே வந்தது.

அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. நாமாக இறக்கும் ஆப் நம்மிடம் அனுமதி கேட்கும், பிடிக்கவில்லையென்றால் தூக்கிவிடலாம். கம்பெனியே சிஸ்டத்துக்குள் வைத்து அனுப்பும் ஆப் அப்படியல்ல. சில அனுமதிகளை முன்கூட்டியே கொடுத்து அனுப்ப முடியும். போனை ரீசெட் செய்தாலும் திரும்ப வந்து உட்காரும். இந்த ஆப் ஆண்ட்ராய்டில் கால் பதிவு, எஸ்எம்எஸ், கேமரா வரை கேட்கிறது. மோசடி அழைப்பைப் புகார் செய்பவருக்கு அது தேவைப்படலாம். புகாரே இல்லாதவரிடம் எதற்கு? இன்றைக்கு ஒழுங்காக இருக்கும் ஆப், அடுத்த அப்டேட்டில் என்ன செய்யும் என்று யார் பார்த்துச் சொல்வது?

ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்து வருகிறோம் என்று போலீஸ் சொன்னால் நன்றி சொல்லலாம். எல்லா வீட்டுச் சாவியிலும் ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்து வையுங்கள் என்றால்?

2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டத்தின் பின்பலம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. நோக்கத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். அளவில்தான் இடிக்கிறது. இணையதளத்திலேயே முடிகிற வேலைக்கு ஒவ்வொருவர் போனுக்குள்ளும் குடியேற வேண்டுமா? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றாதா என்பீர்கள். 2023இல் வந்த அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணம் காட்டி மத்திய அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு கொடுக்க வழி வைத்திருக்கிறது.

எதிர்ப்புக் கிளம்பியதும் டிசம்பர் 2 அன்று தொலைத்தொடர்பு அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா, வேண்டாதவர்கள் ஆப்பை நீக்கிக்கொள்ளலாம் என்றார். அவர் விளக்கப்படி, முடக்கக் கூடாது என்றது கம்பெனிகளுக்குத்தானாம். மறுநாளே கட்டாயம் கைவிடப்பட்டது. சொன்ன காரணம்தான் வேடிக்கை: மக்களே விரும்பி இறக்கிக்கொள்கிறார்களாம். அதைத்தானே முதலிலேயே அவர்கள் விருப்பத்துக்கு விட்டிருக்கலாம்?

வாபஸ் ஆனது கட்டாயம் மட்டும்தான். உத்தரவுக்கு அடிப்படையாகக் காட்டிய 2024ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகள் அப்படியே இருக்கின்றன. உங்கள் பெயரில் எத்தனை சிம் என்று பார்க்க வேண்டுமா? ஆப் வேண்டாம் சார், இணையதளமே போதும்.